கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வரப்பு

என் வீட்டுக்காரர் ஊர் நடுவே இன்னொருவர் காலில் விழுந்ததை நான் நின்று பார்த்தேன். அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு, வயிற்றில் மூன்று மாதம். அந்த ஆளை அதே இடத்தில், அதே மண்ணில் விழ வைக்காமல் இந்தப் பிள்ளையைப் பெறுவதில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பிள்ளை பெறுவது ஏதோ என் இஷ்டம் போல! கோபம் வந்தால் எனக்கு நியாயம் அநியாயம் எதுவும் கண்ணில் படாது. இத்தனை வயதாகியும் அந்தக் குணம் போகவில்லை.

இது ஐம்பதுகளில் நடந்தது. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கி வண்டிப்பாதையில் மூன்று மைல் நடந்தால் எங்கள் ஊர். ஊருக்கு ஒரு ஏரி, ஏரிக்குக் கீழே நெல் வயல்கள். அவர் விழுந்த இடத்தில் இப்போது இரும்பு உருக்குகிறார்கள். நன்றாக உருக்கட்டும், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

விழ வைத்தவர் அசலார் இல்லை. என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன், எனக்கு மூத்தார் முறை. எங்கள் வீடும் அவர் வீடும் ஒட்டியே இருந்தன. பின்பக்கம் இரண்டுக்கும் பொது, கிணறும் ஒன்றுதான். வயலும் அப்படியே. மேல் வயல் அவருடையது, கீழ் வயல் எங்களுடையது, நடுவில் ஒரே வரப்பு. மதகிலிருந்து வரும் தண்ணீர் முதலில் அவர் வயலில் ஏறும். அவருக்கு நிறைந்த பிறகுதான் எங்கள் முறை. இந்த ஏற்பாட்டை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் கல்லில் வெட்டியதைவிடக் கெட்டி.

அந்த மாசி மாதம் ஏரியில் தண்ணீர் குறைவு. நவரைப் போகத்துப் பயிர் கதிர் வாங்கும் நேரம். அந்த ஒரு மாதத்தில் நடு வரப்பு மூன்று தடவை உடைந்தது. மூன்று தடவையும் பொழுது விடிந்து போய்ப் பார்த்தால் மேல் வயல் வற்றிக் கிடக்கும், எங்கள் வயல் ததும்பி நிற்கும். உடைந்த இடம் மண்வெட்டியால் வெட்டி எடுத்தது போல இரண்டு பக்கமும் நேராக இருந்தது. மூத்தார் பொன்னியம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டிவிட்டார். 

"என் கண்ணால பாத்தேன். விடிய சொல்ல மம்முட்டியோட வரப்பு மேல நின்னுக்கினு இருந்தான்" என்றார்.

அவர் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் அன்று விடியும்போது மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். அவர் மாட்டுக்கு வைத்த தவிட்டு வாளியை நான்தான் கழுவினேன்.

எங்கள் ஊரில் இப்படி ஒரு வழக்கு வந்தால் தீர்க்க ஒரு வழி உண்டு. அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் "நான் செய்யவில்லை" என்று சொல்லி அதை உள்ளங்கையால் அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, அதற்கு மேல் யாரும் வாய் திறக்க முடியாது. பொய்யாக அணைத்தவன் வம்சத்தை அம்மன் பார்த்துக்கொள்வாள்.

"அணைச்சிட்டு ஊட்டுக்குப் போப்பா. இன்னா யோசனை?" என்றார் நாட்டாமைக்காரர்.

"நான் வெட்டலீங்க" என்றார் என் வீட்டுக்காரர். "ஆனா கற்பூரத்த அணைக்கறதுக்கில்ல."

"ஏன்?"

காரணத்தை அவரால் சொல்லியிருக்க முடியாது. பெண்டாட்டி மாசமாக இருக்கும்போது புருஷன் சில காரியங்களைச் செய்யமாட்டான். தேங்காய் உடைக்கமாட்டான், பாடைக்குத் தோள் கொடுக்கமாட்டான், எரிகிற சுடரைக் கையால் அணைக்கமாட்டான். உண்மைக்கு அணைத்தாலும் ஆகாது, பொய்க்கு அணைத்தாலும் ஆகாது. அதைச் சொல்லலாமே என்றால், மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்வதும் வழக்கமில்லை. முந்தின வருஷம் எனக்கு ஒன்று தங்காமல் போயிருந்தது. அதனால் இந்தத் தடவை என் மாமியாருக்கும் எங்கள் இருவருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். குனிந்த தலையை ஊர் வேறு விதமாகப் படித்துக்கொண்டது.

அண்ணன் காலில் விழ வேண்டும், எங்கள் வயலுக்கு இரண்டு முறைத் தண்ணீர் கிடையாது என்று தீர்ப்பானது. அவர் விழுந்தார். மூத்தார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நெற்றியில் ஒட்டிய மண்ணோடு எழுந்தவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார். அந்தத் துண்டு உதறலை நான் மறக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து நான் குதித்தேன். அவர் கைகால் கழுவிக்கொண்டு, "போனா போவட்டும்மே. புள்ள நல்லபடியா வந்தா போதும்" என்றார். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். எங்கள் வீட்டு சாது மிரளவே மாட்டார். அந்த வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

நான்காம் மாதம் பிறந்ததும் என் மாமியார் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். தன் மகன் ஏன் அணைக்கவில்லை என்று இனியாவது நாலு பேருக்குப் புரியட்டும் என்று அவருக்கு ஆசை. மூத்தார் கிணற்றடியில் நின்று, என் காதில் விழ வேண்டும் என்றே உரக்கச் சிரித்தார்.

"வரப்ப வெட்டிட்டு பொண்டாட்டி முந்தானிக்குள்ள பூந்துக்கறான் பாரு! மாசமா இருந்தா இன்னாவாம்? அதெல்லாம் சாக்கு. மடியில கனம் இல்லாதவன் எப்பவும் அணைப்பான்."

அந்த வார்த்தையை நான் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

வரப்பு மூன்றாம் தடவை உடைந்தபோதே நான் போய்ப் பார்த்திருந்தேன். மேல் வயல் பக்கம், வரப்பின் அடியில், பாக்கு அளவுக்கு ஈர மண் உருண்டைகள் கிடந்தன. மனிதன் வெட்டினால் மண் கட்டியாக விழும், இப்படி உருட்டி வைக்கமாட்டான். நண்டு வளை தோண்டும்போதுதான் மண்ணை உருட்டி வெளியே தள்ளும். அதை அவரிடம் சொன்னேன்.

"நண்டாத்தான் இருக்கும். யார்கிட்ட சொல்றது?" என்றார். "நண்டு வளையில தண்ணி கசியும், அது எல்லாருக்கும் தெரியும். வரப்பே நேரா வெட்டின மாதிரி போவும்னா எவன் நம்புவான்?"

அதுதான் சங்கதி. நண்டு ஓட்டை போடும், வரப்பை வெட்டாது என்பது ஊரில் எல்லோருக்கும் பாடம். வரப்புக்குள் நடப்பதை யார் கண்டார்கள்? மண்ணுக்குள் பார்க்கக் கண்ணாடியா இருக்கிறது என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டில் கண்ணாடி இருந்தது.

என் அண்ணன் மெட்ராஸில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தான். அந்த டாக்டர் வீட்டில் மீன் வளர்த்த தொட்டியில் ஒரு பக்கம் விரிசல் விட்டதும் தூக்கிப் போடச் சொல்லியிருக்கிறார். அண்ணன் அதைச் சாக்கில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்து எனக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்தான். மூன்றடி நீளம், ஒன்றரை அடி உயரம், இரும்புச் சட்டத்தில் நாலு பக்கமும் கண்ணாடி. விரிசலில் தண்ணீர் ஒழுகியது. பழவேற்காட்டிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவரும் பாய்தான் அதற்கு வழி சொன்னார். படகுக்குப் பூசுவது போலக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றச் சொன்னார், ஒரு பொட்டலம் கொண்டுவந்தும் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதில் நான் கெண்டைக் குஞ்சு வளர்த்தேன். "கொழம்புக்கு ஆவாத மீனுக்கு மாளிகையப் பாரு" என்று மூத்தார் போகும்போதும் வரும்போதும் சொல்வார். சொல்லட்டும் என்று விட்டிருந்தேன். இப்போது அந்த மாளிகையில் வேறு குடி வைக்கப் போகிறேன் என்று அவருக்குத் தெரியாது.

கெண்டைகளைக் கிணற்றில் விட்டேன். உடைந்த அதே வரப்பிலிருந்து மண் வேண்டும் என்று மாமியாரிடம் சொன்னேன். அவர் என்னைவிடக் கொதித்துப் போயிருந்தார். கீரை பறிக்கப் போவது போலக் கூடையோடு போய், மேலே நாலு கீரையைப் பரப்பிக்கொண்டு மண்ணைச் சுமந்து வந்தார். நான்கு நாள் அப்படி நடந்தார்.

முதலில் கட்டியது கூழாகிப் போனது. உலர்ந்த மண்ணைப் பரப்பித் தண்ணீர் விட்டால் கரையாமல் என்ன செய்யும்? தண்ணீர் முழுக்கச் செம்மண் நிறமாகி, இரண்டு நாளில் நாறியது. எல்லாவற்றையும் வாரிக் கொட்டினேன். அடுத்த தடவை அடியில் ஓட்டுச் சில்லும் அடுப்புக்கரியும் பரப்பினேன், நீர் தேங்கி அழுகாமல் இருக்க. அதற்கு மேல் ஆற்று மணல். களிமண்ணைக் காலால் மிதித்து, பதர் கலந்து, வயலில் வரப்புக்குச் சேறு பூசுவது போலவே கை கையாக அடித்து நடுவில் ஒரு வரப்பு எழுப்பினேன். மூன்று நாள் நிழலில் காய்ந்தது, வெடித்தது, வெடித்த இடத்தில் மறுபடி பூசினேன். வரப்பு மேல் அருகம்புல்லை வேரோடு பெயர்த்து நட்டேன். வேர் பிடித்த பிறகுதான் மண் இறுகும். ஒரு பக்கம் மேல் வயல். அங்கே நாலு நாற்றும் முக்கால் அடித் தண்ணீரும். மறுபக்கம் கீழ் வயல், அதாவது எங்களுடையது. அங்கே சேறும் ஓரமாக வல்லாரையும். தண்ணீரை ஒரு வாழை இலை மேல் விட்டுத்தான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் கரை இடியும். பாசியைத் தின்ன நத்தை நாலு, நீந்திக்கொண்டிருக்க அயிரை மூன்று. பத்து நாளில் தண்ணீர் தெளிந்து, புல் பச்சை கட்டி, நீரும் நிலமும் உள்ள ஒரு சின்ன ஊர் அடுக்களைச் சுவர் ஓரம் தயாராகிவிட்டது. கோபத்தில் கட்டினேன் என்றாலும் அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய் ஆகும்.

முதல் நண்டு ஒரே நாளில் மூன்று அயிரையையும் தின்றுவிட்டு, புல்லைப் பிடித்து ஏறி ஓடிவிட்டது. மாமியாரின் வெற்றிலைப் பெட்டிக்குப் பின்னால் அகப்பட்டது. நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்று மாமியார் சொன்னார். யாரை நினைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். பாயிடம் ஒரு பழைய வலைத்துண்டு வாங்கி மேலே கட்டினேன்.

இரண்டாவது நண்டு வளை தோண்டியது. ஆனால் வெளிச்சத்துக்குப் பயந்து வரப்பின் நடு வயிற்றில் தோண்டியது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு பாடுபட்டு மண்ணுக்குள் பார்க்கக் கண்ணாடி வைத்தால், அது கண்ணாடிப் பக்கமே வராமல் வேலை செய்கிறது! யோசித்து, கிழிந்த குடையின் கறுப்புத் துணியைப் பிரித்துக் கண்ணாடியைச் சுற்றிக் கட்டினேன். இருட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதானே அது போகும். மூன்றாவது நண்டை விட்டு எட்டு நாள் கழித்துத் துணியை அவிழ்த்தேன். கண்ணாடியை ஒட்டி, மேல் வயல் நீர்மட்டத்துக்கு ஒரு விரல் மேலே வாய் வைத்து, சாய்வாக இறங்கி, கீழ் வயல் பக்கம் ஒரு மெல்லிய மண் மூடி மட்டும் மிச்சம் வைத்து, நீளமாக ஒரு வளை. வாயருகே பாக்கு பாக்காக மண் உருண்டைகள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தேன்.

அது பெண் நண்டு. வயிற்று மடலுக்குள் ஆரஞ்சு நிறத்தில் முட்டை கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. மாமியார் அதைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"அய்யய்ய, நண்டு குஞ்சு பொரிச்சா தாய் செத்துடும்மே! மாசமா இருக்கறவ கண்ணால அதப் பாக்கவே கூடாது. தூக்கிப் போட்டுடு."

"வேலை முடியட்டும் அத்தே" என்றேன். உள்ளுக்குள் பயம்தான். ஆனால் பயத்தைவிடக் கோபம் ஒரு பிடி அதிகம்.

சித்திரை பிறந்த சமயம் ஒரு காலை, மடலைத் திறந்து அரிசிக் குறுணை அளவில் குஞ்சுகள் ஒவ்வொன்றாக இறங்கி நடந்தன. தாய் சாகவில்லை. மறுநாள் சோற்றுப் பருக்கையைக் கவ்விக்கொண்டு போய் நிதானமாகத் தின்றது. மாமியார் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார்.

"சாவலியே!"

"சாவல அத்தே."

"இத்தினி வருசமா எல்லாருக்கும் சொல்லிக்கினு இருந்தேனே" என்று மோவாயில் கை வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மேல் வயலில் தண்ணீரை வளை வாய்வரை ஏற்றிப் பார்த்தேன். முதலில் ஈர்க்குச்சி அளவு கசிந்தது. பிறகு வளையின் அடி அரிந்தது. மேலே புல் வேர் பிடித்த மண் மட்டும் பாலம் போல நின்றது. உச்சிப்பொழுதில் அந்தப் பாலம் ஒரே கட்டியாக அறுந்து விழுந்து, நீரோடு போய்விட்டது. மிஞ்சிய இடம் இரண்டு பக்கமும் நேராக, மண்வெட்டியால் வெட்டியது போல இருந்தது. மறுபடி பூசி, மறுபடி நண்டை விட்டு, இன்னொரு தடவையும் பார்த்தேன். அச்சுப் பிசகாமல் அதேதான். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வெகுநேரம் குந்தி உட்கார்ந்து பார்த்தார். "அப்போ யாருமே வெட்டல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

எனக்குப் போதவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இன்னொன்றைக் கவனித்தேன். என் ஓரகத்தி, அதாவது மூத்தாரின் மனைவி, கல்யாணமாகிப் பதினோரு வருஷம் பிள்ளையில்லாதவள். அதிராமல் பேசுவாள், எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அந்தக் காலத்தில் மாதத்தில் மூன்று நாள் பெண்கள் பின்பக்கத்துச் சார்ப்பில் ஒதுங்கி உட்கார வேண்டும். பின்பக்கம் பொது என்பதால் யார் எப்போது உட்காருகிறார்கள் என்பது எங்களுக்குள் ரகசியமே இல்லை. பங்குனியில் அவள் உட்காரவில்லை. சித்திரையிலும் உட்காரவில்லை. கிணற்றடியில் ஒருநாள் மாங்காய்ப் பிஞ்சை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் முந்தானையில் மறைத்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்குள் நுழைவதற்குள் என் திட்டம் முழுசாகிவிட்டது.

இதை நான் மறைக்கப் போவதில்லை. தெரியாமல் செய்ததாகச் சொல்லிக்கொள்ளலாம், இனி கேட்பார் யாரும் இல்லை. ஆனால் தெரிந்துதான் செய்தேன்.

நாட்டாமைக்காரர் என் மாமியாருக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா முறை. மாமியார் போய் அழுது, ஒருதரம் பாருங்கள் என்று கேட்டு, ஊரைக் கூட்ட வைத்தார். நண்டு புதிதாக ஒரு வளை தோண்டி முடித்திருந்தது. தண்ணீரை மொண்டு எடுத்துவிட்டு, குஞ்சுகளை ஒரு சட்டியில் வைத்துவிட்டு, பெட்டியை வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டியில் ஏற்றினோம். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்தேன். ஐந்து மாத வயிறும் பெட்டியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டே வந்தன.

கோயில் முன்னால் எல்லோரும் பார்க்க, காலைப் பொழுதில் குடத்திலிருந்து தண்ணீர் விட்டோம். "பொம்ம வரப்புக்குப் பஞ்சாயத்தா?" என்று மூத்தார் சிரித்தார், நாலு பேர் கூடச் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கசிய ஆரம்பித்தது. சிரிப்பு குறைந்தது. ஆண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். சிலர் அங்கேயே கூழ் வாங்கிக் குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வெயில் தலைக்கு மேல் வந்த நேரம் பாலம் அறுந்து விழுந்தது. நாட்டாமைக்காரர் உடைந்த இடத்தில் விரலை வைத்து, இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார்.

"மம்முட்டி பட்ட மாதிரியே இருக்குதேப்பா" என்றார். "நண்டுதான். தப்பா போச்சு. அந்த ரெண்டு முறைத் தண்ணிய இவனுக்குத் திருப்பி உட்டுடலாம்."

என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அதோடு முடிந்திருக்கலாம். பெயர் சுத்தமாகிவிட்டது, தண்ணீரும் வந்துவிட்டது. அந்த இடத்தில் பெண்கள் வாய் திறப்பது கிடையாது. நான் திறந்தேன்.

"கண்ணால பாத்தேன்னு சொன்னாரே. அதுக்கு இன்னா சொல்றீங்கோ? பாத்தது நெசம்னா கற்பூரத்த அணைக்கட்டும்."

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நாட்டாமைக்காரர் யோசித்துவிட்டு, "கேக்கறது நாயம்தான்" என்று கற்பூரம் கொண்டுவரச் சொன்னார்.

சுடர் எரிந்தது. மூத்தார் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. பெண்கள் நின்ற பக்கம் பார்த்தார். என் ஓரகத்தி வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை அசைத்தாள். நூல் அளவுதான் அசைத்தாள். அதை அங்கே பார்த்தவர்கள் இரண்டு பேர்தான். அவர் ஒருவர், நான் ஒருத்தி.

அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"ஏம்ப்பா?" என்றார் நாட்டாமைக்காரர்.

என்ன சொல்வார்? மாசமாக இருந்தால் என்ன, அதெல்லாம் சாக்கு என்று கிணற்றடியில் கத்தியது அவர் வாய்தானே. தவளை தன் வாயால் கெடும். தலையைக் குனிந்தார். என் வீட்டுக்காரர் குனிந்த அதே குனிவு. பொய் சொன்னதால் அணைக்கவில்லையா, பெண்டாட்டிக்காக அணைக்கவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பொய் சொன்னார் என்பது நிச்சயம். ஆனால் அவள் மட்டும் மாசமாக இல்லாமல் இருந்தால் துணிந்து அணைத்திருப்பாரோ என்னவோ. ஊருக்கு அந்தச் சந்தேகமெல்லாம் வரவில்லை. அன்றைக்கு எப்படிப் படித்ததோ, இன்றைக்கும் அப்படியே படித்தது.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நாட்டாமைக்காரர் தீர்ப்புச் சொல்ல, தம்பி காலில் அண்ணன் விழுந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. பொய் சொல்வானேன், அப்படி ஒரு குளிர்ச்சியை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. நெற்றி மண்ணில் படுவதற்குள் என் வீட்டுக்காரர் குனிந்து அவர் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அந்த மண் படவில்லையே என்று எனக்கு ஒரு குறை. அப்படிப்பட்டவள் நான்.

வண்டி திரும்பும்போது வாய்க்கால் ஓரம் நிறுத்தச் சொல்லி, அவர் நண்டை எடுத்துத் தண்ணீரில் விட்டார். சட்டியில் இருந்த குஞ்சுகளை மறுநாள் அங்கேயே கொண்டுபோய் விடுகிறேன் என்றார். பிறகு வண்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"அண்ணன் கைய நீட்டிட்டு ஏன் இழுத்துக்கினாரு? ஒனக்கு எதுனா தெரியுமாமே?"

"பொய் சொன்னவரு எப்படி அணைப்பாரு? எனக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நம்பினார். நான் சொன்னதையெல்லாம் நம்புகிறவர்தான் அவர்.

ஆவணியில் எனக்குப் பெண் பிறந்தது. அதற்கு முன்பே ஓரகத்தியின் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. கார்த்திகையில் அவளுக்கும் நல்லபடியாக ஒரு பையன் பிறந்தான். எங்கள் வீட்டிலும் சர்க்கரை கொண்டுவந்து கொடுத்தாள். என் கையில் வைக்கும்போது என் முகத்தையே பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவள் போன பிறகு என் வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்தபடியே விரல் விட்டு மாதங்களை எண்ணினார். கார்த்திகையிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே போய், பஞ்சாயத்து நடந்த சித்திரையில் நின்றார். பொதுப் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மண்ணுக்குள்ள நண்டு இன்னா பண்ணுதுன்னு பாத்தவ நீ" என்றார். "இது ஒனக்குத் தெரியாம இருந்துச்சா?"

நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

"தெரியும்னு அன்னிக்குச் சொல்லிருந்தா, காரணத்தச் சொல்ல முடியாம உழுந்தது என் ஒருத்தனோட போயிருக்கும்மே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்து நின்றிருப்பேன், அது எனக்குக் கைவந்த கலை. எழுந்து போய், அடுக்களைச் சுவர் ஓரம் கிடந்த கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுக்கொட்டகையில் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு நான் அதில் எதையும் வளர்க்கவில்லை.

மூத்தாரை விழ வைத்ததற்கு நான் வருத்தப்பட்டது கிடையாது. இன்னொரு பிறவி இருந்தால் இன்னொரு பெட்டி கட்டுவேன். ஆனால் அன்றைக்கு வண்டியில் என் வீட்டுக்காரர் கேட்டாரே, அதற்கு மட்டும் உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. கடைசிவரை என்னை எதற்கும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கார்த்திகைக்குப் பிறகு, நான் எதைச் சொன்னாலும் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையை ஆட்டினார்.